காலியிடம் இருக்கிறது, இடம் இல்லை: மேசைக் கணினியில் நினைவகச் சிதறல்

திருவனந்தபுரம் ஆரியசாலையில், சாலைக் கம்போளத்தை ஒட்டிய கடைகளில், ஷட்டர் ஏறும்போது உயிர்பெறும் கணினி ஷட்டர் இறங்கும்வரை ஓய்வதில்லை. பில் போடும் மென்பொருள் ஒரு பக்கம், வரிக்கணக்குக்கும் வங்கிக்கும் வாட்ஸ்அப்புக்கும் திறந்துவைத்த உலாவி இன்னொரு பக்கம். அச்சகம் என்றால் தமிழிலும் மலையாளத்திலும் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் மென்பொருளும் கூடச் சேரும். பெரும்பாலும் நான்கு ஜிபி ரேம் கொண்ட பழைய இயந்திரங்கள். மத்தியானம் தாண்டினால் சுணங்கத் தொடங்கும். "ஹேங் ஆவுது, ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்பார்கள். பண்ணினால் சரியாகவும் போகிறது. காலையில் செய்த அதே வேலையைத்தான் மாலையிலும் செய்கிறோம், அதே நிரல்கள்தான், அதே கோப்புகள்தான். பிறகு எது கெட்டது, எது சரியானது?

காரணம் ஒன்றல்ல. பயன்படுத்தி முடித்த நினைவகத்தை நிரல் திருப்பித் தர மறப்பது ஒரு காரணம். அதைக் கசிவு என்கிறோம். பின்னால் தேவைப்படலாம் என்று நிரல் சேமித்துவைப்பது இன்னொன்று. மூன்றாவதைப் பற்றிப் பொதுவெளியில் பேச்சே இல்லை. நிரல் ஒழுங்காகத் திருப்பித் தந்தும், மொத்தத்தில் காலியிடம் இருந்தும், அந்த இடம் யாருக்கும் உதவாத நிலை அது. நினைவகச் சிதறல் என்ற இந்த மூன்றாவது கேள்வியில் அறுபது ஆண்டு ஆராய்ச்சி என்ன கண்டது, எங்கே நின்றது, அந்த ஆராய்ச்சி யாருடைய கணினியை மனதில் வைத்து நடக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆரியசாலைக் கிடங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அரிசி மூட்டை, மிளகாய் மூட்டை, வெல்லப் பெட்டி எல்லாம் வந்த வரிசையில் அடுக்கப்படுகின்றன. சில அன்றே விற்றுப்போகும், சில ஆறு மாதம் கிடக்கும். விற்றுப்போனவை விட்ட இடைவெளிகளையெல்லாம் கூட்டினால் ஒரு லாரிச் சரக்கு கொள்ளும். ஆனால் அந்தச் சரக்கைச் சேர்த்து வைக்கத் தொடர்ச்சியான ஓரிடம் கிடையாது. கிடக்கும் மூட்டைகளை நகர்த்தினால் தீர்ந்தது. கணினியில் அந்த நகர்த்தலுக்குத்தான் வழியில்லை. சி, சி++ போன்ற மொழிகளில் எழுதிய நிரல் ஓரிடத்தைப் பெற்றதும் அதன் முகவரியைத் தனக்குள் எங்கெல்லாமோ குறித்துக்கொள்கிறது. பொருளை நகர்த்தினால் அத்தனை குறிப்புகளும் பொய்யாகிவிடும். உலாவி, அலுவலகத் தொகுப்பு, படம் திருத்தும் மென்பொருள் என்று நாம் அன்றாடம் தொடுபவற்றின் அடித்தளம் பெரும்பாலும் இந்த மொழிகளில் எழுதப்பட்டதுதான்.

இன்றைய கணினியில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. இயங்குதளம் நினைவகத்தைப் பொதுவாக 4096 பைட் கொண்ட பக்கங்களாகத்தான் கொடுக்கிறது, அப்படியேதான் திரும்ப வாங்குகிறது. ஒரு பக்கத்தில் 32 பைட் பொருள்கள் 128 வைக்கலாம். அதில் 127 போய் ஒன்று மட்டும் எஞ்சினால்கூட அந்தப் பக்கம் முழுவதும் நிரலின் கணக்கிலேயே நிற்கும். டாஸ்க் மேனேஜரில் தெரியும் எண், கசிவையும் சேமிப்பையும் இந்த வெற்றிடத்தையும் பிரித்துக் காட்டுவதில்லை. அதனால்தான் கடைக்காரருக்கும் பழுதுபார்ப்பவருக்கும், பல நேரம் மென்பொருள் எழுதியவருக்குமே, நோய் இன்னதென்று தெரியாமல் போகிறது.

கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் 1968இல் வெளியிட்ட தம் பெருநூலின் முதல் தொகுதியில் இதை விரிவாக எடுத்துக்கொண்டார். நிரல் கேட்கும் நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் ஒதுக்கி, முதலில் கண்ணில் படும் போதுமான வெற்றிடத்தைத் தருவதா, அளவுக்கு மிக நெருங்கிப் பொருந்தும் இடத்தைத் தேடித் தருவதா என்ற விவாதம் அன்றே சூடாக இருந்தது. நிரல் சமநிலையில் ஓடும்போது வெற்றிடத் துண்டுகளின் எண்ணிக்கை, பயன்பாட்டில் உள்ள துண்டுகளின் எண்ணிக்கையில் சுமார் பாதியாக இருக்கும் என்ற ஐம்பது சதவீத விதியும் அவருடையதே. அதற்கு முன்பே, 1965இல், கென்னத் நோல்டன் எல்லா அளவுகளையும் இரண்டின் அடுக்குகளாக உயர்த்தி இணை இணையாகப் பிரிக்கும் முறையை வெளியிட்டிருந்தார். பிரிப்பதும் சேர்ப்பதும் அதில் மிக எளிது. ஆனால் 33 பைட் கேட்டவருக்கு 64 பைட் போய்விடும். வெளியில் தெரியும் சிதறலைக் குறைக்க உள்ளுக்குள் வீணடிக்கும் இந்தப் பேரத்தை இன்றுவரை எந்த ஒதுக்கியாலும் முழுவதும் தவிர்க்க முடியவில்லை.

எழுபதுகளில் ஜே. எம். ராப்சன் கணித வழியில் தந்த முடிவு கடுமையானது. பொருள்களை நகர்த்தாத எந்த ஒதுக்கியையும், அது எவ்வளவு சாமர்த்தியமானதானாலும், மோசமான கோரிக்கை வரிசை ஒன்றால் வீழ்த்த முடியும் என்று நிறுவினார். மிகச் சிறிய கோரிக்கை 16 பைட், மிகப் பெரியது ஒரு எம்பி என்று வைத்துக்கொண்டால், ஒரு சமயத்தில் 100 எம்பிக்கு மேல் வைத்திராத நிரலுக்கும் மிக மோசமான நிலையில் 800 எம்பிக்கு மேலும் தேவைப்படலாம் என்று அவருடைய சூத்திரத்திலிருந்து கணக்கிடலாம். பொதுப்புத்திக்கு நல்லதாகப் படும் மிக நெருங்கிய பொருத்தம் என்ற உத்தி, மோசமான நிலையில் இதைவிடப் பன்மடங்கு கெட்டது என்றும் காட்டினார்.

இருபது ஆண்டு கழித்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பால் வில்சனும் அவர் கூட்டாளிகளும் அதுவரை நடந்த எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார்கள். 1995இல் வந்த அவர்களுடைய ஆய்வுத் திரட்டு இத்துறையில் இன்றும் முதலில் படிக்கவேண்டியது. அதன் குற்றச்சாட்டு நேரானது: இத்தனை ஆண்டும் சீட்டுக் குலுக்கியதுபோல எண்களை உருவாக்கிச் சோதித்தீர்கள், உண்மையான நிரல்கள் அப்படி நடப்பதில்லை. அவை ஒரு கட்டத்தில் மளமளவென்று நினைவகத்தைச் சேர்க்கும், கட்டம் முடிந்ததும் மொத்தமாகக் கைவிடும், பிறகு வேறு அளவில் கேட்கும். சேர்ந்து பிறந்தவை பெரும்பாலும் சேர்ந்தே சாகும். இந்த ஒழுங்கைக் கவனிக்காத சோதனை, சிதறலைச் சோதித்ததாகவே ஆகாது.

1998இல் மார்க் ஜான்ஸ்டோனும் வில்சனும் எட்டு உண்மை நிரல்களை எடுத்துச் சோதித்தார்கள். கிடைத்த விடை வியப்பூட்டியது. ஒவ்வொரு துண்டின் தலைப்புக் குறிப்புகளுக்கும் அளவை உயர்த்துவதற்கும் ஆகும் செலவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நல்ல உத்திகளில் சிதறல் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருந்தது. சிதறல் பிரச்சினை தீர்ந்ததா என்று கட்டுரையின் தலைப்பே கேட்டது. ஏறக்குறைய ஆம் என்பதுதான் தொனி.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அந்த எட்டு நிரல்களில் சி மொழி மொழிமாற்றியும், பெர்ல் மொழி இயக்கியும், போஸ்ட்ஸ்கிரிப்டைப் படமாக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்டும் இருந்தன. உள்ளே ஒரு கோப்பு, வெளியே ஒரு விடை, அத்தோடு வேலை முடிந்து வெளியேறுபவைதான் பெரும்பாலும். காலை பத்து மணிக்குத் திறந்து இரவு ஒன்பது வரை மனிதன் நினைத்த வரிசையில் தாவல்களைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கும் ஒரு நிரலும் அதில் இல்லை. ஆய்வாளர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்று சொல்லவரவில்லை. கையிலிருந்த நிரல்களை நேர்மையாக அளந்தார்கள். ஆனால் தீர்ந்தது என்ற அந்தச் சொல், அளக்கப்படாத இயந்திரங்களுக்கும் சேர்த்துப் பொருந்துவதாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

அடுத்த பத்தாண்டில் உலாவி அதைப் பொய்யாக்கியது. ஃபயர்ஃபாக்ஸ் 2 நினைவகத்தை விழுங்குகிறது என்ற புகார் உலகெங்கும் எழுந்தபோது எல்லோரும் கசிவையே தேடினார்கள். 2007இல் மொசில்லாவின் ஸ்டூவர்ட் பார்மென்டர், நினைவகத்தில் எது நிரம்பியது எது காலி என்பதை வண்ணப் புள்ளிகளாக வரைந்து வெளியிட்டார். பல இணையப் பக்கங்களைத் திறந்து எல்லாவற்றையும் மூடிய பிறகும், பெரும்பரப்பு காலியாக இருக்க, நடுநடுவே நீண்ட ஆயுள் கொண்ட சிறு பொருள்கள் தூவியதுபோலக் கிடந்தன. ஜேசன் எவன்ஸ் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்காக எழுதிய ஜெமால்லாக் என்ற ஒதுக்கியை மொசில்லா எடுத்துக்கொண்டது. விண்டோஸ் விஸ்டாவில் நடத்திய தானியங்கிச் சோதனைகளில் அந்த மாற்றத்தால் மட்டும் நினைவகப் பயன்பாடு 22 சதவீதம் குறைந்ததாக அறிவித்தார்கள். 2008 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்தது.

அளவு ஒத்தவற்றை ஒன்றாக வைப்பது ஜெமால்லாக்கின் வழி. அது பாதி விடைதான். மீதிப் பாதி ஆயுள் ஒத்தவற்றை ஒன்றாக வைப்பதில் இருக்கிறது. 2011இல் நிக்கோலஸ் நெதர்கோட் முன்னின்று நடத்திய மெம்ஷ்ரிங்க் முயற்சியில் இது கண்ணெதிரே தெரிந்தது. ஜாவாஸ்கிரிப்ட் பொருள்கள் ஒரு எம்பி அளவுள்ள துண்டங்களில் வைக்கப்பட்டிருந்தன. உலாவி தன் சொந்த வேலைக்கு உருவாக்கும், நாள் முழுக்க வாழும் பொருள்களும், தாவலை மூடியதும் சாகவேண்டிய தளத்தின் பொருள்களும் ஒரே துண்டத்தில் கலந்து கிடந்தன. தாவலை மூடினாலும் துண்டம் விடுதலையாகவில்லை. இரண்டையும் வெவ்வேறு துண்டங்களுக்குப் பிரித்த பிறகுதான் மூடிய தாவலின் நினைவகம் திரும்பி வந்தது. எனக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமானதாகப் படுவது இந்தச் சிறு திருத்தம். எந்தப் பொருள் எவ்வளவு நேரம் வாழும் என்பது ஒதுக்கிக்குத் தெரியாது. நிரலை எழுதியவருக்குத் தெரியும். அவர் சொல்லாவிட்டால் எந்த ஒதுக்கியும் ஊகத்தில்தான் வேலை செய்யும்.

இதே காலத்தில் கூகுள் வேறு வழியில் போனது. 2008 செப்டம்பரில் குரோம் வந்தபோது அதை விளக்க ஸ்காட் மெக்லவுட் வரைந்த படக்கதை ஒன்றை வெளியிட்டார்கள். தாவல்களைத் தனித்தனிச் செயல்முறைகளாக ஓட்டுவதற்கு அது சொன்ன காரணங்களில் சிதறலும் ஒன்று. ஒரே செயல்முறையில் தாவல்களைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் இடையிடையே எச்சங்கள் தங்கும். செயல்முறையையே முடித்துவிட்டால் இயங்குதளம் அத்தனை பக்கங்களையும் கணக்குப் பார்க்காமல் வாரிக்கொள்ளும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணு என்று ஆரியசாலையில் சொல்லும் மருந்தும் இதுவே. குரோம் அதைத் தாவல் அளவுக்குச் சுருக்கியது. விலை என்னவென்றால், ஒவ்வொரு செயல்முறைக்கும் அடிப்படைச் செலவு உண்டு. 2018இல் பாதுகாப்புக்காக ஒவ்வொரு தளத்தையும் தனிச் செயல்முறைக்குள் அடைத்தபோது மொத்த நினைவகம் 10 முதல் 13 சதவீதம் கூடியதாகக் கூகுளே சொன்னது. 16 ஜிபி இயந்திரம் அதை உணராது. நான்கு ஜிபி இயந்திரம் உணரும்.

பொருள்களை நகர்த்தவே முடியாது என்று முன்னால் சொன்னேன். நகர்த்திப் பார்த்தவர்களும் உண்டு. 1984இல் 128 கேபி நினைவகத்தோடு வந்த மேக்கின்டாஷ், பொருளின் முகவரியை நேரடியாகத் தராமல், முகவரி எழுதிய ஓரிடத்தின் முகவரியைத் தந்தது. இயங்குதளம் பொருளை நகர்த்தி அந்த ஓரிடத்தில் மட்டும் திருத்திக்கொள்ளும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. நடைமுறையில், நிரலர் ஒரு பொருளை அசையாதபடி பூட்டிவிட்டு வேலை செய்வார், பூட்டிய பொருள் நடுவில் நந்திபோல் உட்காரும், அதுவே புதிய சிதறலுக்குக் காரணமாகும். பழைய விண்டோஸும் இதே வழியை முயன்று பின்னர் கைவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட் போல முகவரியையே நிரலர் கண்ணில் காட்டாத மொழிகளில்தான் நகர்த்தல் நன்றாக நடக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் ஜாவாஸ்கிரிப்ட் இயக்கியில் 2015இல் அது வந்தது.

சி, சி++ நிரல்களுக்கு 2019இல் ஒரு புதிய கதவு திறந்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் எமரி பெர்கர் குழு வெளியிட்ட மெஷ் என்ற ஒதுக்கி, பொருளின் முகவரியை மாற்றாமலே இடத்தை மிச்சப்படுத்துகிறது. பாதி காலியான இரண்டு பக்கங்களில், ஒன்றில் நிரம்பிய இடம் மற்றதில் காலியாக இருந்தால், இரண்டின் உள்ளடக்கத்தையும் ஒரே மெய்யான பக்கத்தில் பதித்துவிட்டு, இரண்டு முகவரிகளும் அதையே சுட்டும்படி செய்துவிடலாம். நிரலுக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. அப்படிப் பொருந்தும் இணைகள் கிடைக்கவேண்டும் என்பதற்காகப் பொருள்களைத் தற்செயலான இடங்களில் வைக்கிறது. ராப்சனின் எல்லை இங்கே தடையாகவில்லை. மெய்யான நினைவகம் நகர்கிறது, முகவரி நகரவில்லை. ஃபயர்ஃபாக்ஸில் 16 சதவீதமும் ரெடிஸ் தரவுத்தளத்தில் 39 சதவீதமும் மிச்சமானதாகக் கட்டுரை சொல்கிறது. இருந்தும் நாம் பயன்படுத்தும் மேசை மென்பொருள்களில் இது பரவலாக இடம்பெறவில்லை.

ஏன் என்பதற்கு 2020இல் நடந்த ஒன்று விடை தருகிறது. விண்டோஸ் 10இன் மே 2020 பதிப்பில், செக்மென்ட் ஹீப் என்ற புதிய ஒதுக்கியைச் சாதாரணப் பயன்பாடுகளும் கேட்டுப் பெற மைக்ரோசாஃப்ட் வழிசெய்தது. எட்ஜ் உலாவியின் தொடக்கச் சோதனைகளில் நினைவகம் 27 சதவீதம்வரை குறைந்ததாகச் சொன்னார்கள். குரோமும் அதை இயக்கிப் பார்த்து, பின் அணைத்துவிட்டது. உலாவியின் வேகத்தை அளக்கும் ஸ்பீடோமீட்டர் சோதனையில் வேகம் சுமார் 10 சதவீதம் குறைகிறது, சிபியு பயன்பாடும் மின்செலவும் 13 சதவீதம் கூடுகிறது, இந்த விலை அதிகம் என்பது அவர்கள் காரணம். கோர் ஐ9 ரகச் சில்லில் எடுத்த எண்களும் இந்த விவாதத்தில் முன்வைக்கப்பட்டன. காரணம் பொய்யல்ல. ஆனால் நான்கு ஜிபியில் வட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே பக்கங்களை மாற்றி மாற்றித் திணறும் கணினிக்கு, 10 சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்துக் கால்வாசி நினைவகத்தைப் பெறுவது லாபமா நட்டமா என்று அந்தக் கணினியில் வைத்து அளந்துதான் சொல்ல முடியும். 2021இல் குரோம் தன் சொந்த பார்ட்டிஷன்அலாக் ஒதுக்கியை விண்டோஸில் எங்கும் இயக்கி, உலாவியின் மையச் செயல்முறையில் 22 சதவீதம்வரை மிச்சம் கண்டதாக அறிவித்தது. நல்ல செய்திதான், ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது: எல்லோருக்கும் ஒரே தீர்மானம் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்கத் திருவனந்தபுரத்துக்குத் தனி உரிமை உண்டு. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் தொடங்கப்பட்டது இந்த நகரத்தில்தான். அதே ஆண்டில் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் கேரளத்தின் பள்ளிக் கணினிகளைப் படிப்படியாகக் குனு/லினக்ஸுக்குக் கொண்டுபோனது. 2017இல் அது கைட் என்ற அரசு நிறுவனமாகிப் பூஜப்புரையிலிருந்து இயங்குகிறது. ஜிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரெஆபிஸ் எல்லாம் இங்கே பாடப்புத்தகத்தில் வருபவை. ஆரியசாலைப் பிள்ளைகளும் பள்ளியில் இவற்றில்தான் படம் வரைகிறார்கள்.

அந்த மென்பொருள்களுக்குள்ளும் நம் கதை ஓடுகிறது. பெரிய படம் ஒன்றுக்கு ஐம்பது எம்பி தொடர்ச்சியான இடம் கேட்டு நிற்காமல், படத்தை 64க்கு 64 புள்ளிகள் கொண்ட கட்டங்களாக உடைத்து வைத்தது ஜிம்ப். ஒரு செயல்முறைக்கு இரண்டு மூன்று ஜிபி முகவரிதான் என்றிருந்த 32 பிட் காலத்தில் அது பெரிய காப்பு. ஜிம்பும் இங்க்ஸ்கேப்பும் நம்பியிருக்கும் ஜிலிப் நூலகத்தில், ஜெஃப் பான்விக் 1994இல் சோலாரிஸ் இயங்குதளத்துக்காக வெளியிட்ட ஸ்லாப் முறையைத் தழுவி, 2006இல் தனி ஒதுக்கி ஒன்று சேர்ந்தது. 2023இல் அதை நீக்கிவிட்டு இயங்குதளத்தின் பொது ஒதுக்கியிடமே பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஆகவே இன்று லினக்ஸ் மேசைக் கணினியில் இவற்றின் சுமை பெரும்பாலும் ஜிலிப்சி நூலகத்தின் ஒதுக்கிமேல் விழுகிறது. டக் லீ 1987இல் எழுதத் தொடங்கிய ஒதுக்கியின் வழிவந்தது அது. பல இழைகளுக்கு நெரிசல் வரக்கூடாது என்று, 64 பிட் கணினியில் ஒரு சிபியு கருவுக்கு எட்டு அரங்கங்கள்வரை, அதாவது தனித்தனி நினைவகத் தொகுதிகள்வரை, திறக்கும். ஒரு அரங்கத்தின் வெற்றிடம் இன்னொன்றுக்கு உதவாது. அரங்கங்களின் எண்ணிக்கையைக் குறைக்க ஒரு சூழல் மாறி இருக்கிறது. நடுவில் காலியான பக்கங்களையும் இயங்குதளத்திடம் திருப்பித் தர மால்லாக்_ட்ரிம் என்ற அழைப்பும் இருக்கிறது. முன்னிருப்பு மதிப்புகள் நெரிசல் மிகுந்த வழங்கிகளுக்கு ஏற்றவை. சிறிய நினைவகத்துக்கு ஏற்றவை என்று சொல்ல மாட்டேன்.

தமிழும் மலையாளமும் எழுதும் கணினிக்கு இன்னொரு சுமையும் உண்டு. "கி" என்ற எழுத்து யூனிகோடில் இரண்டு குறிகள், யுடிஎஃப்-8இல் ஆறு பைட். திரையில் காட்டும் முன் ஒவ்வொரு சொல்லையும் உருவம் கோக்கவேண்டும். கோத்த உருவத்தை நினைவில் வைத்துக்கொள்வதும் காலாவதியானால் விடுவதும் சிறுசிறு ஒதுக்கல்களின் ஓயாத மழை. சிதறலை இது எவ்வளவு கூட்டுகிறது என்பதை நம் மொழிகளை வைத்து அளக்கவேண்டியவர்கள் நாம்தான்.

இன்றைய ஆராய்ச்சியின் முகம் தரவுமையங்களை நோக்கித் திரும்பியிருக்கிறது. பொருளின் ஆயுளை இயந்திரக் கற்றலால் முன்கூட்டியே ஊகிக்கும் 2020ஆம் ஆண்டு ஆய்வும், பெரும்பக்கங்களை உடைக்காமல் ஒதுக்கும் 2021ஆம் ஆண்டு ஆய்வும் கூகுளின் வழங்கிகளுக்காகப் பிறந்தவை. அங்கே ஒரு சதவீதம் மிச்சமானாலும் கோடிக்கணக்கில் பணம், அதனால் அளக்க ஆள் இருக்கிறது. ஆரியசாலைக் கடையின் சுணக்கத்துக்கு அப்படி ஒரு கணக்குப்பிள்ளை இல்லை. அந்தச் செலவு, வரிசையில் நிற்கும் வாடிக்கையாளரின் பொறுமையிலும், நன்றாக ஓடக்கூடிய கணினியை பழைய சாமான் வாங்கும் ஆக்கருக்கு எடைபோடுவதிலும் போய்ச்சேர்கிறது.

அளப்பதற்கு வேண்டியவை எல்லாம் இந்த நகரத்திலேயே இருக்கின்றன. ஒரே இயங்குதளம் பதித்த பள்ளிக் கணினிகள் கைட்டிடம் உண்டு. கட்டற்ற மென்பொருளுக்கென்றே கேரள அரசு 2011இல் நிறுவிய ஐசிஃபாஸ் உண்டு. பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் அபவுட்:மெமரி என்று ஆங்கிலத்தில் தட்டினால், பயன்பாட்டில் உள்ளது எவ்வளவு, ஒதுக்கி பிடித்துவைத்திருக்கும் வெற்றிடம் எவ்வளவு என்று பிரித்தே காட்டும். நான்கு ஜிபி கணினிகளில், உண்மையான தமிழ், மலையாள வேலைநாள் ஒன்றின் போக்கில், மணிக்கு ஒருமுறை இந்த இரண்டு எண்களையும் குறிக்கவேண்டும். ஜிலிப்சியின் ஒதுக்கியை நம்பும் மென்பொருள்களைப் பாதிக் கணினிகளில் அரங்கங்களைக் குறைத்தும் பாதியில் குறைக்காமலும் ஓட்டவேண்டும். அந்த ஒதுக்கியை ஜெமால்லாக்கோ மெஷ்ஷோ கொண்டு மாற்றிப் பார்க்கவேண்டும். கிடைத்த விடையை அடுத்த பதிப்பின் முன்னிருப்பு மதிப்பாக வைத்துவிட்டால், அது பள்ளிக்கும் போகும், அதே இயங்குதளத்தை இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளும் கடைக்கும் போகும்.